‘டெஃபனிங்’ என்றால் காது போய்விடும் என்று பொருளா?

கேள்வி இதுதான்: “எங்கள் ஆங்கிலப் பாடத்தில் ‘டெஃபனிங் அப்ளாஸ்’ என்று வருகிறது. அகராதியில் ‘காதைச் செவிடாக்கும்’ என்று போட்டிருக்கிறது. கைதட்டினால் காது செவிடாகுமா? இரண்டு பக்கம் தள்ளி ‘டெஃபனிங் சைலன்ஸ்’ என்றும் வருகிறது. சத்தத்துக்கும் அதே சொல், சத்தமே இல்லாததற்கும் அதே சொல்லா? இதையெல்லாம் தமிழில் எப்படி எழுதுவது?” கேட்டவர் தாராவியிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மாணவி.

நான் மொழி ஆசிரியர் இல்லை. மும்பையில் இருபது வருடங்களுக்கு மேலாகக் காது பரிசோதனை செய்யும் ஆடியாலஜிஸ்ட். சயான், மாட்டுங்கா, தாராவி பக்கத்துத் தமிழர்கள் நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள். அதனால் இந்த ஒரு ஆங்கிலச் சொல்லோடு மட்டும் எனக்குப் பழக்கம் அதிகம்.

தேர்வுக்குப் படிப்பவரைக் காக்கவைக்க வேண்டாம், நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘டெஃபனிங்’ என்றால், பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாத அளவுக்குப் பெருஞ்சத்தம். கைதட்டல், தகரக் கூரையில் கொட்டும் மழை, இடி, விமானம், திருவிழாக் கூட்டம், எல்லாவற்றுக்கும் இதைப் போடுவார்கள். சத்தம் நின்றதும் காது பழையபடி கேட்கும். கைதட்டலில் யாருக்கும் காது போகவில்லை. இது அன்றாடப் பொருள். இதற்கு அடியில் இன்னொரு பொருள் இருக்கிறது: கேட்கும் திறனையே இல்லாமல் செய்வது. அகராதி சொன்ன ‘காதைச் செவிடாக்கும்’ அதுதான். பள்ளியில் பெரும்பாலும் முதல் பொருளைச் சொல்லிவிட்டு, இரண்டாவதை உயர்வு நவிற்சி என்று தாண்டிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டு பொருளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். சில இடங்களில் அது கால் மணி நேரத் தூரம்.

சொல்லின் கட்டுமானம் எளிது. ‘ஷார்ப்’ என்றால் கூர்மை, ‘ஷார்ப்பன்’ என்றால் கூராக்கு. ‘பிளாக்’ கறுப்பு, ‘பிளாக்கன்’ கறுப்பாக்கு. அதே வாய்ப்பாட்டில் ‘டெஃப்’ என்பதிலிருந்து ‘டெஃபன்’, செவிடாக்கு. இந்த வினைச்சொல் ஆங்கிலத்தில் பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. ஸ்காட்லாந்தில் இதற்கு இன்னும் பழைய உறவுக்காரச் சொல் ஒன்று இன்றும் பேச்சில் இருக்கிறது: ‘டீவ்’. காதைச் செவிடாக்குவது என்பதோடு, ஓயாமல் பேசித் தொந்தரவு செய்வதையும் அது குறிக்கும். நாம் ‘தொணதொணக்காதே, காது புளிச்சுப்போச்சு’ என்போமே, அந்த இடத்தில் அவர்கள் ‘டீவ்’ என்பார்கள்.

‘டெஃப்’ என்ற வேர்ச்சொல்லின் வரலாறு எனக்குக் கொஞ்சம் வலிக்கும். ஜெர்மன் மொழியில் இதன் சகோதரச் சொல் ‘தௌப்’. காது கேளாதவரையும் அது குறிக்கும், குளிரில் மரத்துப்போன விரலையும் குறிக்கும். ஊமை, புத்தி மந்தம் என்று பொருள்படும் ஆங்கிலத்தின் ‘டம்ப்’ என்ற சொல்லையும் இதே குடும்பத்தில்தான் சேர்க்கிறார்கள். மழுங்கல், மயக்கம், தெளிவின்மை என்பதுதான் அந்தக் குடும்பத்துக்குப் பொதுவான அடிப்பொருள். அதாவது காது கேட்காதவர் புத்தியும் மங்கியவர் என்ற பழைய எண்ணம் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. தமிழும் இதில் விலக்கு இல்லை. ‘காது மந்தம்’ என்கிறோம், ‘படிப்பில் மந்தம்’ என்றும் சொல்கிறோம். இந்த இரண்டு மந்தத்தையும் ஒன்றாக்கி, கேட்காத பிள்ளையைப் படிக்காத பிள்ளை என்று கடைசி பெஞ்சில் உட்காரவைத்த கதைகளை நான் எத்தனையோ பெற்றோரிடம் கேட்டிருக்கிறேன். காது மெஷின் மாட்டி முன் பெஞ்சுக்கு வந்ததும் அந்தப் பிள்ளைகளில் பலர் நன்றாகப் படித்தார்கள்.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? ‘காதைச் செவிடாக்கும் கைதட்டல்’ என்பது பிழையில்லை, பத்திரிகைகளிலும் வருகிறது. ஆனால் நான் எழுதமாட்டேன். செவிடு என்ற சொல்லை நம் ஊரில் வசவாகவே புழங்கிவிட்டார்கள், இது ஒரு காரணம். இன்னொன்று, அதைவிட நல்ல சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. ‘காதைப் பிளக்கும்’ என்பது வெடிக்கும் இடிக்கும் பொருந்தும். ‘காதைத் துளைக்கும்’ என்பதைக் கீச்சென்ற சத்தத்துக்கு, விசில், பிரேக் ஒலி போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ‘டெஃபனிங்’ அது அல்ல, அது நான்கு பக்கமும் சூழ்ந்து அமுக்குகிற சத்தம். அதற்கு என் தேர்வு ‘காதை அடைக்கும்’. ‘காது அடைத்துப்போகும்படி கைதட்டினார்கள்’ என்று எழுதினால் ஆங்கிலத்தில் உள்ளது அப்படியே வந்துவிடும்.

இந்தச் சொல்லை நான் விரும்புவதற்கு உங்கள் இரண்டாவது கேள்வியும் காரணம். ‘பசி காதை அடைக்குது’ என்று நாம் சொல்கிறோம். சத்தமே இல்லாமல் காது அடைக்கும் என்பது நமக்குப் பழகிய சங்கதி. அதனால் ‘டெஃபனிங் சைலன்ஸ்’ என்பதைக் ‘காதை அடைக்கும் மௌனம்’ என்று எழுதினால் உறுத்தாது. ‘செவிடாக்கும் மௌனம்’ என்றால் உறுத்தும், மொழிபெயர்ப்பு வாசனை அடிக்கும். ‘ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது பொருளே வேறு. அது ஆழ்ந்த அமைதி, நல்ல அமைதியாகக்கூட இருக்கலாம். ‘டெஃபனிங் சைலன்ஸ்’ என்பது பேச வேண்டியவர் பேசாதபோது வருவது. ஒரு வருடம் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் வாசலில் நவராத்திரிக்கு ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கி, நள்ளிரவு தாண்டியும் நிறுத்தாமல் போட்டார்கள். மூன்றாம் மாடியில் கைக்குழந்தை, இரண்டாம் மாடியில் இதய நோயாளி. மறுநாள் குடியிருப்போர் கூட்டத்தில் நான் எழுந்து சொன்னேன். முப்பது பேர் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆங்கிலம் சொல்கிற காதை அடைக்கும் மௌனம் அதுதான். தெரிந்தே வாயை மூடிக்கொண்டார்கள் என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால், தமிழில் ‘கள்ள மௌனம்’ என்று கச்சிதமான சொல்லே இருக்கிறது.

இனி இரண்டாவது பொருள். எனக்கு இங்கேதான் நிறையச் சொல்ல இருக்கிறது.

கணபதி விசர்ஜன் ஊர்வலத்தில் டோல் தாஷா மேளத்துக்கும் ஸ்பீக்கர் அடுக்கிய டீஜே வண்டிக்கும் பக்கத்தில் சில மணி நேரம் நடந்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தால் என்ன ஆகும் என்று மும்பைக்காரர்களுக்குத் தெரியும். காதில் பஞ்சு வைத்தது போல இருக்கும். உள்ளே ‘ஙொய்ய்’ என்று ஒரு இரைச்சல். மறுநாள் மத்தியானத்துக்குள் சரியாகிவிடும். ‘சரியாயிடுச்சு’ என்று நாம் மறந்துவிடுகிறோம். அந்த இரவு காது உண்மையிலேயே கொஞ்ச நேரம் செவிடாகத்தான் இருந்தது. ‘டெஃபனிங்’ என்ற சொல்லின் இரண்டு பொருளும் சந்திக்கிற இடம் அந்த இரவு.

உள்காதில் நத்தை ஓடு போன்ற ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 மயிர் செல்கள். ஒலி அதிர்வில் அவற்றின் நுனி அசைந்தால்தான் நரம்புக்குச் செய்தி போகும். புல்தரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மிதித்து நடந்தால் புல் சாய்கிறது, பிறகு நிமிர்ந்துகொள்கிறது. தினமும் அதே இடத்தில் நூறு பேர் நடந்தால் ஒற்றையடிப் பாதை விழுந்துவிடும், அப்புறம் அங்கே புல் இல்லை. கோழிக்கும் மற்றப் பறவைகளுக்கும் இந்தச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்கும். மனிதருக்கு முளைக்காது. பிறக்கும்போது கொண்டுவந்தது மட்டும்தான் கடைசிவரை.

பாதை எங்கே முதலில் விழுகிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். சத்தத்தில் கெட்ட காதைப் பரிசோதித்தால் 4,000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த அலைவரிசைப் பக்கத்தில் வரைபடக் கோடு பள்ளத்தில் விழுந்ததுபோல இறங்கும். பேச்சில் மெய்யெழுத்துகளின் கூர்மை பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. உயிரெழுத்துகள் தாழ்ந்த அலைவரிசையில் இருப்பதால் தப்பித்துவிடும். அதனால் குரல் கேட்கும், சொல் கேட்காது. ‘பத்து’ என்றார்களா, ‘பட்டு’ என்றார்களா, ‘பச்சை’ என்றார்களா என்று பிடிபடாது.

தாராவி 13 காம்பவுண்டில் பிளாஸ்டிக் அரவை மெஷினில் வேலை பார்த்த ஒரு அண்ணாச்சியை அவர் மனைவி என்னிடம் அழைத்து வந்தார். திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர். “மேடம், இவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது. தெருவுல ஹாரன் அடிச்சா திரும்புறாரு. நான் சொல்றது மட்டும் ஏறாது. பேத்தி பேசுறதும் ஏறாது” என்றார் அந்த அம்மா. அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். பதினெட்டு வருடம் அந்த மெஷின் பக்கத்தில் நின்றிருக்கிறார். பரிசோதனையில் நான் எதிர்பார்த்த பள்ளம் அப்படியே இருந்தது. பெண்கள், குழந்தைகள் குரல் மெல்லியது, அதில் மெய்யெழுத்துகள் முதலில் கரைந்துவிடும், ஹாரன் கரையாது என்று அந்த அம்மாவுக்கு விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப இவ்வளவு நாளா நான் சும்மா திட்டிட்டேனா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1886இலேயே கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர், கப்பல்களுக்குக் கொதிகலன் அடிக்கும் தொழிலாளர்களின் காதுகளைப் பரிசோதித்து, அந்தத் தொழில் காதைக் கெடுக்கிறது என்று எழுதினார். கொதிகலன் தொழிலாளர் செவிடு என்று அதற்குத் தனிப் பெயரே இருந்தது. அதே கிளாஸ்கோவின் பழைய அடுக்குக் குடியிருப்புகளில் ‘டெஃபனிங்’ என்ற சொல் கட்டடக்காரர்களிடம் வேறொரு பொருளில் வழங்கியது. மேல்தளத்து மரப்பலகைக்கும் கீழ்வீட்டுக் கூரைக்கும் நடுவே சாம்பலும் மணலும் கொட்டி நிரப்புவார்கள், மேல்வீட்டுச் சத்தம் இறங்காமல் இருக்க. அந்த நிரப்பலுக்குப் பெயர் டெஃபனிங். ஸ்காட்லாந்தில் பழைய வீடு வாங்குபவர்கள் இன்றும் இந்தச் சொல்லைச் சந்திக்கிறார்கள். உங்கள் பாடத்தில் இது வராது. எனக்குப் பிடித்த பொருள் என்பதால் சொல்கிறேன். மனிதன் காதை விட்டுவிட்டுத் தளத்தைச் செவிடாக்கியிருக்கிறார்கள். மாட்டுங்காவில் நான் வளர்ந்த வீட்டுக்கு மேல்தளம் மரம். விடியற்காலையில் மேல்வீட்டுப் பாட்டி உரலில் இடித்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் எழுந்துவிடுவோம்.

தமிழிலும் சத்தத்தையும் செவிட்டையும் ஒரே சொல்லில் கட்டிப்போட்டிருக்கிறோம்: டமாரச் செவிடு. டமாரம் என்பது கோயில் புறப்பாட்டில் மாட்டின் மேல் வைத்து அடிக்கும் பெரிய முரசு. டமாரம் அடித்தாலும் கேட்காத செவிடு என்று பொதுவாகப் பொருள் சொல்வார்கள். டமாரம் அடித்து அடித்தே செவிடானவர் என்று யாராவது சொன்னாலும் நான் மறுக்கமாட்டேன்.

சத்தத்தை அளக்கும் டெசிபல் என்ற அலகும் இப்படி இரண்டு பக்கமும் நிற்கிறது. தொலைபேசி தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் பெயரில் வந்தது அது. அவருடைய தாயாருக்கும் காது கேட்காது, மனைவிக்கும் கேட்காது. அவரே காது கேளாதோருக்குப் பேசக் கற்றுக்கொடுத்த ஆசிரியர். ஆனால் சைகை மொழியை எதிர்த்தவர் என்பதால் காது கேளாதோர் பலருக்கு அவர் மேல் இன்றும் கோபம் உண்டு, அது நியாயமான கோபம். இன்று சாலைச் சத்தமும் டெசிபலில்தான், காது எவ்வளவு போயிருக்கிறது என்பதும் டெசிபலில்தான். காது கேட்கும் குறைந்தபட்ச ஒலியைத்தான் பரிசோதனையில் எழுதுகிறோம். ஆகவே எண் கூடினால் காது அவ்வளவு மோசம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பேச்சு அலைவரிசைகளில் இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர், 60 முதல் 70 வரை இருந்தால் கேட்பதில் குறைபாடு உள்ளவர். ஒருமுறை ஒரு தகப்பனார் பிள்ளையின் ரிப்போர்ட்டில் 85 என்று பார்த்துவிட்டு மதிப்பெண் போல நினைத்து நிம்மதியாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான்தான் நிறுத்த வேண்டியிருந்தது. அன்றிலிருந்து எண்ணைச் சொல்லும் முன் அதன் பொருளைச் சொல்லிவிடுகிறேன்.

சத்தத்தின் பக்கம் வந்தால், ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் போதும். 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. 85 டெசிபலில் நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்று வைத்துக்கொண்டால், 88இல் 4 மணி நேரம், 91இல் 2 மணி நேரம், 94இல் 1 மணி நேரம், 100 டெசிபலுக்குப் போனால் 15 நிமிடம். முதலில் கால் மணி நேரத் தூரம் என்று நான் சொன்னது இதைத்தான். இந்தியத் தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை விட்டிருந்தார்கள், அது என் கணக்கில் அதிகம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்கின்றன. மும்பையில் எந்தத் தெருவில் நின்று அதைத் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை. 2020 வாக்கில் மும்பைப் போக்குவரத்துக் காவல்துறை சில சிக்னல்களில் ஒரு முயற்சி செய்தது. ஹாரன் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கு மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். அதை எல்லாச் சந்திப்பிலும் வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கையில் மீட்டர் இல்லாவிட்டாலும் அளக்கலாம். கைநீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேசினால்தான் கேட்கும் என்றால், அந்த இடம் 85ஐத் தாண்டிவிட்டது. ஆங்கிலம் ‘டெஃபனிங்’ என்று சொல்லும் அன்றாடப் பொருளும் இதேதான், கவனியுங்கள்: பக்கத்தில் இருப்பவர் பேச்சு கேட்காத சத்தம். சும்மா வர்ணனைக்காகப் போட்ட சொல் காதுக்கான எல்லைக்கோட்டில் சரியாக வந்து நிற்கிறது. இதனால்தான் அதை உயர்வு நவிற்சி என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. கைதட்டல் அரை நிமிடத்தில் ஓய்ந்துவிடும், அது யாரையும் ஒன்றும் செய்யாது. அதே சத்தத்தில் எட்டு மணி நேர ஷிப்ட், பதினெட்டு வருடம் என்றால் சொல் எழுத்துக்கு எழுத்து பலித்துவிடும்.

‘டெஃப்’ வரும் மற்ற தொடர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘டெஃப் டு’ என்றால் கேட்க மறுப்பது, நம் ‘காதில் போட்டுக்கொள்ளவில்லை’. ‘ஃபால் ஆன் டெஃப் இயர்ஸ்’ என்பதற்குச் ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்று பலரும் எழுதுவார்கள். பொருத்தம்தான், ஆனாலும் நான் ‘எவ்வளவோ சொல்லியும் காது கொடுக்கவில்லை’ என்றே எழுதுவேன். காது கேட்காதவர் கேட்க மறுப்பவர் இல்லை. அவர்களைப் போல எதிரே இருப்பவர் முகத்தைக் கூர்ந்து பார்த்துப் புரிந்துகொள்ள முயல்பவர்களை நான் பார்த்ததில்லை. ஆங்கிலத்தில் ‘டெஃப்’ என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதினால், சைகை மொழியைத் தம் மொழியாகக் கொண்ட சமூகம் என்று பொருள். அது அவர்கள் பெருமையோடு வைத்துக்கொண்ட பெயர். ‘டெஃப் அண்ட் டம்ப்’ என்று பழைய புத்தகங்களில் இருக்கும், அதைத் தயவுசெய்து எழுத வேண்டாம், தமிழில் ‘செவிட்டு ஊமை’ என்றும் வேண்டாம்.

நீங்கள் தாராவியில் இருப்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஊர்வலத்துக்குப் போனால் காதில் பஞ்சு வைத்துக்கொள்வது பெரிதாக உதவாது. மருந்துக் கடையில் நுரை இயர்பிளக் கிடைக்கும். விரலால் மெல்லிய திரியாக உருட்டி, இன்னொரு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலே இழுத்து, உள்ளே வைத்து, அது விரியும்வரை அரை நிமிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். பாந்த்ரா ரெக்லமேஷனில் 1983 முதல் பேச்சு, கேட்டல் குறைபாடுகளுக்கான அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இருக்கிறது, காது பரிசோதனைக்கு அங்கே போகலாம். வீட்டில் பட்டறை வேலை, மெஷின் வேலை பார்ப்பவர்கள் இருந்தால் குரல் கேட்டும் சொல் புரியாத நிலை வரும்வரை காத்திருக்காமல் வருடம் ஒருமுறை அழைத்துப் போங்கள். சத்தத்துக்குப் பிறகு காதடைப்பும் இரைச்சலும் இரண்டாம் நாளும் தொடர்ந்தால் காட்ட வேண்டும். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள், அதற்கு மருந்து முதல் சில நாட்களில்தான் பிடிக்கும். அதுவரை பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்ற வேண்டாம், ஊக்கு, ஹேர்பின் எதுவும் உள்ளே விட வேண்டாம்.